கம்மல் கொக்கி, ஜம்ப் ரிங் வீட்டிலேயே செய்ய: கருவிகள் பற்றி வாசகர் கேள்வி – பதில்

டெரகோட்டா, பட்டு நூல், பாசிமணி நகைகள் செய்யும் வாசகர்கள் பலர் கொக்கி, வளையம், பின் போன்ற சின்னச் சின்ன உதிரிகளைத் தாங்களே கம்பியில் செய்துகொள்ள வழி கேட்டு எழுதியிருக்கிறார்கள். கருவி வாங்கும் முன் தெரிய வேண்டியவற்றை இந்த இதழில் எடுத்துக்கொள்கிறோம்.

டெரகோட்டா கம்மல் செய்து விற்கிறேன். பாக்கெட்டில் வரும் கொக்கிகள் ஒன்றுபோல் இருப்பதில்லை. கம்பி வாங்கி நானே வளைக்கலாம் என்றிருக்கிறேன். இணையத்தில் பன்னிரண்டு பிளையர் சேர்ந்த செட் கிடைக்கிறது. வாங்கலாமா? – வாசகி, ஈரோடு

வேண்டாம். அதில் நான்கைத்தான் தினமும் தொடுவீர்கள். அந்த நான்கில் முக்கியமான கட்டர்தான் இத்தகைய செட்டுகளில் பெரும்பாலும் மட்டமாக இருக்கும். அதே பணத்தில் ஒரு ஃப்ளஷ் கட்டர், ஒரு ரவுண்ட் நோஸ் பிளையர் (வாய் இரண்டும் கூம்பாக இருப்பது), பல் வெட்டாத செயின் நோஸ் பிளையர் (வாயின் உட்புறம் தட்டை, முனை ஒடுங்கியது) இரண்டு, நுண்ணிய ஊசி அரம் ஒன்று வாங்குங்கள். கொக்கி, ஜம்ப் ரிங் (உதிரிகளை இணைக்கும் சிறு வளையம்), ஐ பின் (நுனியில் கண்ணி, அதாவது சிறு வளைவு, உள்ள கம்பி), எஸ் வடிவப் பூட்டு எல்லாமே இவற்றில் முடியும்.

கட்டருக்குத்தான் முதல் செலவு. மின்வேலைக்கான சாதாரண சைடு கட்டர் கம்பியை இரண்டு பக்கமும் சரிவாக, ஓட்டு வீட்டுக் கூரை மாதிரி வெட்டும். ஃப்ளஷ் கட்டரில் வாயின் ஒரு பக்கம் தட்டையாகவும் மறுபக்கம் சரிவாகவும் இருக்கும். தட்டைப் பக்கம் எந்தத் துண்டைப் பார்க்கிறதோ அதன் நுனி சமமாக வரும். மறு துண்டின் நுனி கூராக நிற்கும். காதில் குத்துவதும், வளையம் சேராமல் இடைவெளி விடுவதும் இந்தக் கூரால்தான். கடையில் கட்டரின் வாயை மூடி வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். இரண்டு விளிம்புகளுக்கு நடுவே வெளிச்சக் கோடு தெரிந்தால் அதை வைத்துவிடுங்கள். பையில் ஒரு சாண் 0.8 மி.மீ. செம்புக் கம்பி கொண்டுபோய், வாயின் முனையில் ஒன்று, நடுவில் ஒன்று வெட்டிப் பாருங்கள். தட்டைப் பக்க நுனியை விரலால் தடவும்போது பிசிறு தட்டுப்படக் கூடாது. வெட்டிப் பார்க்க விடாத கடையில் கட்டர் வாங்காதீர்கள்.

ரவுண்ட் நோஸில் இரண்டு கூம்புகளும் ஒரே பருமனா என்று பாருங்கள். ஒன்று தடித்திருந்தால் கண்ணி எப்போதும் கோணலாகவே வரும். முனை 1 முதல் 1.5 மி.மீ. போதும். அதைவிட மெல்லியது 1 மி.மீ. பித்தளைக் கம்பியிலேயே வளைந்துவிடும்.

செயின் நோஸ் வாங்கும்போது 'நோஸ் பிளையர்' என்று மட்டும் கேட்டால் ஹார்டுவேர் கடையில் உள்ளே பல் வெட்டியதைத்தான் எடுத்துத் தருவார்கள். அந்தப் பல் கம்பியில் வரிவரியாகப் பதியும். முலாம் பூசிய கம்பியில் முலாமையே உரித்துவிடும். பல்லை அரத்தால் ராவிவிடலாம் என்று சிலர் சொல்கிறார்கள். ராவினால் வாய் முனையில் சேராமல் போகும், மெல்லிய கம்பி நழுவும். அவசரத்துக்கு மாஸ்க்கிங் டேப் சுற்றலாம், அவ்வளவுதான். சென்னை சௌகார்பேட்டை, மதுரை தெற்கு ஆவணி மூல வீதி போன்ற நகைக்கடைப் பகுதிகளில் பொற்கொல்லர் கருவிக் கடைகளைத் தேடி, 'பல் இல்லாத குறடு' என்று கேளுங்கள். ஏன் இரண்டு? வளையத்தைத் திறந்து மூட இரண்டு கைக்கும் ஒவ்வொன்று வேண்டும்.

எல்லா பிளையரிலும் இணைப்பைச் சோதியுங்கள். வாயை மூடிக்கொண்டு கைப்பிடிகளைப் பக்கவாட்டில் ஆட்டினால் முனைகள் ஒன்றையொன்று தாண்டி நகரக் கூடாது. ஒரு கை மற்றதன் உள்ளே நுழைந்து வரும் பெட்டி இணைப்பு நாள்பட ஆடாது. மேல்-கீழாக ஆணி அடித்த இணைப்பு சீக்கிரம் தளரும். நீளம் 12–13 செ.மீ. இருந்தால் பெண்களின் கைக்கும் நன்றாக அடங்கும். கைப்பிடியைத் தானாகத் திறந்துவிடும் ஸ்பிரிங் இருப்பது அவசியம். நூறு கொக்கி வளைத்த பிறகு கட்டைவிரல் வலிப்பதும் வலிக்காததும் அதில்தான் இருக்கிறது.

மற்றதற்கு வீட்டுப் பொருள் போதும். கொக்கியின் பெரிய வளைவுக்கு 8–10 மி.மீ. பருமனுள்ள பேனா, வளையம் சுற்ற டிரில் பிட். செட்டில் வரும் 'பெய்ல்' பிளையர், நைலான் வாய் பிளையர் எல்லாம் தேவை தெரிந்த பிறகு ஒவ்வொன்றாக வாங்கலாம்.

20 கேஜ் கம்பி என்று இரண்டு கடையில் வாங்கினேன். ஒன்றில் செய்த கொக்கி காதில் நுழைகிறது, இன்னொன்றில் செய்தது நுழைய மறுக்கிறது. ஏன்? – வாசகி, மதுரை

இரண்டு கடைக்காரரும் பொய் சொல்லவில்லை. கம்பிப் பருமனைச் சொல்லும் கேஜில் அமெரிக்கக் கணக்கு வேறு, பிரிட்டிஷ் கணக்கு வேறு. 20 என்பது அமெரிக்கக் கணக்கில் 0.81 மி.மீ., பிரிட்டிஷ் கணக்கில் 0.91 மி.மீ. இணையத்தில் வரும் கைவினைக் கம்பி பெரும்பாலும் முதல் கணக்கு. நம் ஊர் மோட்டார் வைண்டிங் கடைகளிலும் உலோகக் கடைகளிலும் இரண்டாவது கணக்குதான் புழக்கம். அதேபோல் 22 கேஜ் ஒரு கணக்கில் 0.64, மற்றதில் 0.71. 18 கேஜ் 1.02, மற்றதில் 1.22. கேஜ் எண்ணை மறந்துவிட்டு மில்லிமீட்டரில் கேளுங்கள்.

காதுக் கொக்கிக்கு 0.8 மி.மீ. சரியான அளவு. திருகாணித் தோடு போட்டுப் பழகிய காதுக்குப் பெரும்பாலும் 0.9 தொந்தரவு தராது. மணி கோக்கும் ஐ பின்னுக்கு 0.6 அல்லது 0.7, ஜிமிக்கியைத் தாங்கும் வளையத்துக்கு 0.8 முதல் 1, கழுத்து மாலையின் கொக்கிப் பூட்டுக்கு 1.2.

அளக்கக் காலிப்பர் இல்லையென்றால் கம்பியைப் பென்சிலில் இடைவெளி விடாமல் பத்துச் சுற்று சுற்றி, சுற்றிய அகலத்தை ஸ்கேலில் பாருங்கள். 8 மி.மீ. வந்தால் கம்பி 0.8, 9 வந்தால் 0.9.

எடைக் கணக்கும் தெரிந்திருக்கட்டும். 0.8 மி.மீ. பித்தளைக் கம்பி மீட்டருக்குச் சுமார் 4.3 கிராம், செம்பு 4.5, 92.5 சதவீத வெள்ளி 5.2. ஆக 100 கிராம் பித்தளையில் ஏறக்குறைய 23 மீட்டர். ஒரு கொக்கிக்கு 5 செ.மீ. வீதம், சேதாரம் போக 200 ஜோடி தேறும்.

வைண்டிங் கடைக் கம்பி பற்றி ஓர் எச்சரிக்கை. அது செம்பு நிறத்தில் பளபளத்தாலும் மேலே வார்னிஷ் பூச்சு இருக்கும். பூச்சு தெரியாதபடி தெளிவாக இருப்பதால் பலர் ஏமாறுகிறார்கள். நுனியை அரத்தால் ஒரு முறை இழுத்தால் உள்ளே வேறு பளபளப்பு தெரியும். வளைத்துப் பழக அது நல்ல, மலிவான கம்பி. காதுக்குப் போடாதீர்கள், தீயில் காட்டவும் கூடாது.

நானே செய்த கொக்கியைப் போட்ட வாடிக்கையாளர்கள் காது எரிகிறது, நீர் கோக்கிறது என்கிறார்கள். அரம் போட்டுத்தான் தருகிறேன். – வாசகி, நாகர்கோவில்

காரணம் இரண்டில் ஒன்று. நுனியாக இருக்கலாம், உலோகமாக இருக்கலாம். முதலில் நுனியைச் சோதியுங்கள். ஒரு துண்டு பஞ்சில் கொக்கியின் நுனியைக் குத்தி இழுங்கள். ஓர் இழை ஒட்டிக்கொண்டு வந்தாலும் அந்த நுனி காதுக்குள்ளும் அதையே செய்யும்.

அரம் மட்டும் போதாது. அரம் கூர்முனையை எடுக்கும். ஆனால் விளிம்பில் மெல்லிய பிசிறை மடித்துவிட்டுப் போகும். கண்ணுக்குத் தெரியாத அந்தப் பிசிறுதான் குத்துகிறது. வரிசை இப்படி இருக்கட்டும்: நுனியைச் சமமாக வெட்டுங்கள். ஊசி அரத்தை ஒரே திசையில் தள்ளி, கம்பியை விரலிடையே உருட்டிக்கொண்டே விளிம்பை நான்கைந்து இழுப்பில் சரித்துவிடுங்கள். பிறகு 600 எண் வாட்டர் பேப்பரை (நுண்ணிய உப்புத்தாளை) சின்னதாக மடித்து, மடிப்புக்குள் நுனியை வைத்து இருபது முறை திருகுங்கள். அடுத்து 1000 எண்ணில் அதே போல. கடைசியில் பழைய பருத்தித் துணியில் அழுத்தித் துடைத்து மீண்டும் பஞ்சில் சோதியுங்கள்.

மாதம் நூறு ஜோடிக்கு மேல் செய்கிறவர்கள் கப் பர் வாங்கலாம். அதன் முனையில் கிண்ணம் போன்ற குழியும் குழிக்குள் வெட்டுப் பற்களும் இருக்கும். 0.8 மி.மீ. கம்பிக்கு 1 மி.மீ. குழி உள்ளதை வாங்குங்கள். 0.8 குழியில் 0.8 கம்பி உட்காராது; பெரிய குழியில் கம்பி ஆடி நுனி ஒரு பக்கம் சாயும். மோட்டார் வேண்டாம். பின் வைஸ் என்னும் சின்னக் கைப்பிடியில் மாட்டி, அரம் போட்ட நுனியை அதில் வைத்து மெதுவாக ஐந்தாறு சுற்று சுற்றினால் நுனி அரைக்கோளமாக உருளும். அதன் பிறகும் 1000 எண் தாள் ஒரு முறை தேவை.

நுனி நன்றாக இருந்தும் எரிச்சல் தொடர்ந்தால் உலோகத்தைப் பாருங்கள். ஜெர்மன் சில்வரில் பெயரில் மட்டும்தான் வெள்ளி. அது செம்பு, துத்தநாகம், நிக்கல் கலந்தது. நிக்கல் பலருக்குத் தோல் அலர்ஜி தரும். ஐரோப்பிய ஒன்றியம் துளையிட்ட இடத்தில் போடும் நகையிலிருந்து வாரத்துக்குச் சதுர செ.மீ.க்கு 0.2 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கல் கசியக் கூடாது என்று வரம்பே வைத்திருக்கிறது. முலாம் பூசிய கம்பியிலும் சிக்கல் உண்டு. நீங்கள் வெட்டி ராவும் நுனியில் முலாம் போய் உள் உலோகம் வெளியே வருகிறது, காதுக்குள் நுழைவதும் அந்த நுனிதான். காதுக்குப் போகும் கம்பி 92.5 வெள்ளியாகவோ, விலை கட்டுப்படியாகிறவர்களுக்கு நயோபியம் என்ற உலோகமாகவோ இருக்கட்டும். பித்தளையையும் முலாம் கம்பியையும் வளையத்துக்கும் பூட்டுக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளிக் கொக்கி செய்தால் நாலு நாளில் விரிந்து வாயைப் பிளக்கிறது. கம்பி தரம் குறைந்ததா? – வாசகர், சேலம்

தரம் அல்ல, பதம். கம்பி இளகிய நிலையில் இருக்கிறது. தீயில் காய்ச்சி ஆறிய வெள்ளியும் செம்பும் கயிறு மாதிரி வளையும். வளைக்க வளைக்க, தட்டத் தட்ட விறைக்கும். கொக்கியை வளைத்து முடித்ததும் வழுவழுப்பான இரும்புக் கட்டையில் படுக்கவைத்து, பெரிய வளைவின் மேல் மட்டும் மெல்லத் தட்டுங்கள். ஒரு பக்கம் ஏழெட்டுத் தட்டு, திருப்பிப் போட்டு மறுபக்கம் அதே அளவு. அதற்கு மேல் தட்டினால் வளைவு தட்டையாகி அகலும். காதுத் துளைக்குள் இருக்கும் தண்டு உருண்டையாகவே இருக்க வேண்டும். அதில் சுத்தியல் படக் கூடாது.

கம்பி தட்டையாகாமல் விறைக்க வேண்டுமென்றால் கொட்டாப்புளி நல்லது. மரம் கம்பியை நசுக்காது. இரும்புச் சுத்தியல்தான் என்றால் 100–150 கிராம் எடையில், முகம் சற்றே குவிந்து மெருகேறியதாக இருக்கட்டும். ஆணி அடித்த சுத்தியலின் முகத்தில் உள்ள ஒவ்வொரு வடுவும் வெள்ளியில் அப்படியே பதியும். கட்டையின் அடியில் நான்காக மடித்த துணி போடுங்கள், சத்தமும் குறையும்.

உங்கள் ஊரிலேயே வசதி இருக்கிறது. செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறைகளுக்காகக் கம்பி இழுப்பவர்களிடம் பாதி விறைப்பில் 0.8 மி.மீ. கேட்டுப் பாருங்கள். கம்பியச்சின் (கம்பியை இழுத்து மெல்லியதாக்கும் துளைத் தகட்டின்) கடைசி இரண்டு மூன்று துளைகளில் காய்ச்சாமல் இழுத்துத் தந்தால் கம்பி தேவையான விறைப்போடு வரும்.

ஜம்ப் ரிங் செய்து மாட்டினால் பாதி கழன்று விழுகிறது. அளவு, முறை சொல்லுங்கள். – வாசகி, கும்பகோணம்

கழல்வதற்கு மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும்: வளையத்தின் அளவு, வெட்டு, மூடும் விதம்.

உள்விட்டத்தைக் கம்பிப் பருமனால் வகுங்கள். 4 மி.மீ. உள்விட்டம், 0.8 கம்பி என்றால் 5. எடை தாங்கும் வளையத்துக்கு இந்த எண் 5, 6-க்கு மேல் போகாமலிருப்பது நல்லது. 0.6 கம்பியில் 6 மி.மீ. வளையம் செய்தால் 10 வருகிறது. டெரகோட்டா ஜிமிக்கி தொங்கினால் திறந்துவிடும்.

சுற்றுவதற்கு 4 மி.மீ. டிரில் பிட்டின் வழுவழுப்பான தண்டுப் பகுதியைப் பயன்படுத்துங்கள். அரை மி.மீ. வித்தியாசத்தில் எல்லா அளவிலும் கிடைக்கிறது. பேனா, ஸ்ட்ரா போல அளவு மாறாது. விறைப்பான கம்பியை இழுத்துப் பிடித்து நெருக்கமாகச் சுற்றுங்கள். கையை எடுத்ததும் சுருள் சற்று விரியும், எனவே வளையம் 4-ஐவிடக் கொஞ்சம் பெரிதாகவே வரும். கம்பி எவ்வளவு வேண்டும் என்பதற்கு உள்விட்டத்தோடு கம்பிப் பருமனைக் கூட்டி 3.14-ஆல் பெருக்குங்கள். 4.8 × 3.14, அதாவது வளையத்துக்குச் சுமார் 15 மி.மீ. நூறு வளையத்துக்கு ஒன்றரை மீட்டர். வெட்டுச் சேதாரத்துக்கு இன்னும் கால் மீட்டர்.

பலர் தவறுவது வெட்டில்தான். ஃப்ளஷ் கட்டரால் சுருளை வரிசையாக வெட்டிக்கொண்டே போனால் ஒவ்வொரு வளையத்திலும் ஒரு நுனி சமமாகவும் மறு நுனி கூராகவும் இருக்கும். அவை எப்படிச் சேரும்? ஒரு வளையத்துக்கு இரண்டு வெட்டு வேண்டும். முதலில் சுருளின் ஓரத்தைச் சமமாக வெட்டுங்கள். அந்த நுனிக்கு நேர் கீழே கட்டரை வைத்து, தட்டைப் பக்கம் கழலப்போகும் வளையத்தைப் பார்க்கும்படி வெட்டுங்கள். இப்போது வளையத்தின் இரு நுனியும் சமம். சுருளில் கூர் மிச்சமிருக்கும். கட்டரைத் திருப்பிப் பிடித்து அதைச் சீவி எறிந்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

நிறையச் செய்கிறவர்களுக்கு நகை ரம்பம் நல்லது. 3/0 பிளேடு எடுக்கும் சேதாரம் சுமார் கால் மி.மீ. மட்டும், இரு நுனியும் கண்ணாடிபோல் சேரும். சுருளுக்குள் மரக்குச்சி நுழைத்து, மேலே மாஸ்க்கிங் டேப் சுற்றி, நீளவாக்கில் அறுக்கவும். பிளேடின் பற்கள் கைப்பிடியை நோக்கி இருக்க வேண்டும், இழுக்கும்போதுதான் அது அறுக்கும். தேன்மெழுகை அவ்வப்போது தடவினால் பிளேடு சிக்காது. ஆரம்பத்தில் பிளேடு ஒடிந்துகொண்டே இருக்கும். அழுத்துவதை நிறுத்தினால் ஒடிவதும் குறையும்.

திறக்கும்போது வளையத்தை இரு பக்கமும் விரிக்காதீர்கள், வட்டம் போய்விடும். ஒரு நுனி உங்களை நோக்கியும் மற்றது எதிர்ப்புறமும் போகும்படி திருகித் திறங்கள். மூடும்போது நுனிகள் ஒன்றையொன்று இலேசாக உரசித் தாண்டும்படி இரண்டு மூன்று முறை முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டே வாருங்கள். சின்ன 'டிக்' சத்தத்தோடு சேர்ந்தால் சரியாக மூடியது என்று அர்த்தம்.

மெமரி வயர் (சுருள் வடிவம் மாறாத எஃகுக் கம்பி) வெட்டினேன். கட்டரின் வாயில் அரை வட்டமாகப் பள்ளம் விழுந்துவிட்டது. சாணை பிடிக்கலாமா? – வாசகி, தாம்பரம்

முடியாது. சாணை பிடித்தால் இரண்டு விளிம்பும் சேராது. மெமரி வயர், கிடார் கம்பி, ஊக்கு எல்லாம் விறைப்பு எஃகு. அவற்றுக்கென்று கெட்டியான வயர் கட்டர் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். பள்ளம் விழுந்ததை முரட்டு வெட்டுக்கு ஒதுக்கி, கைப்பிடியில் சிவப்பு டேப் ஒட்டிவிடுங்கள், வீட்டில் யாரும் மாற்றி எடுக்காமலிருக்க. நல்ல கட்டரிலும் 1 மி.மீ.க்கு மேற்பட்ட கம்பியை வாயின் முனையில் வெட்டாமல் உள்ளே, இணைப்புக்குப் பக்கத்தில் வெட்டுங்கள். வெட்டும் துண்டு கண்ணை நோக்கிப் பாயக் கூடும். கண்ணாடி போடுங்கள், துண்டின் மேல் ஒரு விரலை வையுங்கள்.

இடது, வலது கொக்கி ஒரு தடவைகூட ஜோடி சேர்வதில்லை. – வாசகி, காரைக்குடி

ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததைத் தொடங்குவதால் வருவது இது. இரண்டு கம்பியையும் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்து ஒரே அளவில் வெட்டுங்கள், பிறகு ஒவ்வொரு படியையும் இரண்டிலும் செய்துவிட்டு அடுத்த படிக்குப் போங்கள். ரவுண்ட் நோஸ் கூம்பில் கண்ணி வளைக்கும் இடத்தில் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். கூம்பில் ஒரு மி.மீ. தள்ளிப் பிடித்தாலும் கண்ணியின் அளவு மாறும். கோடு அழிய அழியப் போட்டுக்கொள்ளுங்கள்.

5 செ.மீ. கம்பியில் கண்ணி முதலில் (உள்விட்டம் 2.5 மி.மீ.), பெரிய வளைவு அடுத்தது, கடைசி 3 மி.மீ. நுனியை வெளிப்புறம் இலேசாகத் திருப்புவது மூன்றாவது. பெரிய வளைவுக்கு இரண்டு கொக்கியின் கண்ணிகளையும் சேர்த்து வைத்து ஒரே பேனாவின் மேல் ஒரே சமயத்தில் கட்டைவிரலால் அழுத்தி வளைத்தால் வித்தியாசம் வரவே வராது. ஜிக் பலகை (கம்பியை வளைக்க ஆணிகள் பதித்த பலகை) வாங்க வேண்டியதில்லை.

உருண்டைத் தலை உள்ள ஹெட் பின் வீட்டில் செய்யலாமா? – வாசகி, திருச்சி

சின்ன பியூட்டேன் டார்ச் இருந்தால் வெள்ளியில் செய்யலாம். 0.6 மி.மீ. கம்பியை 6 செ.மீ.க்கு வெட்டி, இடுக்கியில் செங்குத்தாகத் தொங்கவிட்டு, நீல உட்சுடரின் நுனியில் கீழ் நுனியைக் காட்டுங்கள். உருகித் தானே மேலேறி உருண்டையாகும். 1.5 மி.மீ. ஆனதும் எடுத்துவிடுங்கள், பெரிதானால் விழும். சுத்த வெள்ளி கறுக்காது, ஆனால் இளகலாக இருக்கும். 92.5 கறுக்கும், விறைப்பு அதிகம். பித்தளையில் முயல வேண்டாம். துத்தநாகம் புகையாகப் போகும், அது மூச்சுக்குக் கெடுதல், உருண்டையும் ஒழுங்காக வராது. டார்ச் இல்லையென்றால் நுனியைச் சுத்தியலால் துடுப்புபோல் தட்டையாக்கி அரம் போட்டுவிடுங்கள். மணி கழலாது, பார்வைக்கும் அழகு.

கடலோரத்தில் இருக்கிறோம். புது பிளையர் ஒரே மழைக்காலத்தில் துருப்பிடித்துவிட்டது. – வாசகர், தூத்துக்குடி

துருவை 1000 எண் தாளில் எண்ணெய் தொட்டுத் தேய்த்து எடுங்கள். துரு தங்கிய வாய் கம்பியைக் கீறும். இனி வேலை முடிந்ததும் கை வியர்வையைத் துணியால் துடைத்து, இணைப்பில் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, வாயில் மெல்லிய பூச்சாகத் தடவி, மூடி இறுகும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பையோடு வையுங்கள். மறுநாள் வெள்ளிக் கம்பியைத் தொடும் முன் அந்த எண்ணெயைத் துடைத்துவிட மறக்காதீர்கள்.